முன்வரிசைக்கு ஆகாத உடம்பு

மேக்கன், ஜார்ஜியா
7 மார்ச் 1926

அன்புள்ள ஆர்டீலியா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸும் சுகம். உன் சுகத்துக்காகவும் உன் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்காகவும் ஞாயிறுதோறும் ஜெபிக்கிறோம். அங்கே வாஷிங்டனில் இன்னும் குளிர் விடவில்லையா? இங்கே பீச் மரங்கள் பூத்துவிட்டன.

நல்ல சேதி ஒன்று. ஜூன் மாதம் உங்கள் ஊரில் நடக்கும், கறுப்பர்களான நம்மவர் சபைகளின் மாநாட்டுக்கு எங்கள் பாடற்குழுவை அழைத்திருக்கிறார்கள். குழுத் தலைவர் பிரதர் ஹோசியா சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். அவர் சவானாவிலிருந்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, ஆனால் எங்கள் குரல்களை எல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருக்கிறார்.

"லுவீனியா, தனிப்பாட்டு நீதான்."

"நானா? அத்தனை சபை உக்காந்து கேக்கும்போதா? என் மேல என்ன கோவம் பிரதர் உங்களுக்கு?"

"கடைசி பெஞ்சுல தூங்கறவனையும் எழுப்பற குரல் உன்கிட்டதான் இருக்கு. வாயை மூடிக்கிட்டு வா."

வாயை மூடிக்கொண்டு எப்படிப் பாடுவது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அக்கா, உன்னோடுதான் தங்குவேன். நீ வேலைக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. உன் அறையை ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டும்.

இன்னொரு வேடிக்கை. போன வாரம் நான் சமைக்கும் ரயில்காரர் விடுதிக்கு மாவு கம்பெனி வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்தான். "ஏ ஆயா, தலையில சிவப்புத் துணி கட்டிக்கிட்டு பல்லெல்லாம் தெரிய சிரி. படம் எடுத்து மாவுப் பையில போடுவோம். உன் சைஸ்தான் எங்களுக்கு வேணும்" என்றான். "ஐயா, முன்பல்லு ரெண்டும் சொத்தை, உங்க மாவு விக்காது" என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறிவிட்டது. என் பல் ஒவ்வொன்றும் முத்து என்று உனக்குத்தான் தெரியுமே.

உன் அன்புத் தங்கை,
லுவீனியா


வாஷிங்டன்
21 மார்ச் 1926

என் அருமை லுவீ,

நலம். உங்கள் இருவர் நலத்தையும் அறிந்து மகிழ்ந்தேன். தனிப்பாட்டுச் செய்திக்கு என் வாழ்த்துகள்.

மாநாட்டின் வரவேற்புக் குழுவுக்கு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். மிசஸ் குவார்ல்ஸ்தான் தலைவி. அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன்; அவர் கணவர் எங்கள் பள்ளியின் ஆட்சிக்குழுவில் இருக்கிறார். இந்தக் கோடையில் துணைத் தலைமையாசிரியையை நியமிக்கப் போகிறார்கள். ஆகவே நான் மிகவும் கவனமாக நடந்துகொள்ளவேண்டிய நேரம் இது. என் அறை மிகச் சிறியது, கட்டில் குறுகல். தங்குவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மாவு கம்பெனிக்காரன் கதையைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருத்தப்படாமல் கேள். நூலகத்தில் பழைய புத்தகங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே ஐரோப்பியப் பண்டிதர்கள் எழுதிவைத்துவிட்டார்கள்: கறுப்பர்கள் வெப்ப நாட்டில் சோம்பிக் கிடந்து தின்பவர்கள், அதனால் அவர்களுக்கு உடம்பு பெருக்கும், மூளை சிறுக்கும் என்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுபோய், அவள் பின்புறத்தைக் காட்டி லண்டனிலும் பாரிசிலும் காசு பார்த்தார்கள். செத்த பிறகும் அவளை அறுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். இன்று வெள்ளைக்காரப் பெண்களின் பத்திரிகைகளைத் திற. மெலிந்த உடல்தான் உயர்ந்த இனத்தின் அடையாளம் என்று அதையே வாசனை தடவி எழுதுகிறார்கள்.

அவர்கள் கண்ணில் அந்தப் படம் ஏற்கெனவே இருக்கிறது, லுவீ. நாம் அதற்கு உயிர் கொடுக்கக்கூடாது. மாநாட்டுக்கு வெள்ளைக்காரப் பத்திரிகைகளின் படக்காரர்களும் வருவார்கள்.

ஓர் உணவு முறை எழுதி இணைத்திருக்கிறேன். காலையில் பாதி பம்பளிமாஸ், மதியம் கீரை, இரவு வேகவைத்த முட்டை. நானும் அதைத்தான் உண்கிறேன்.

அன்புடன்,
ஆர்டீலியா


மேக்கன்
4 ஏப்ரல் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் சமாதானம் உனக்கு உண்டாகட்டும். இங்கே எல்லோரும் சுகம். ஆம்ப்ரோஸ் உன் உணவு முறையைப் படித்துவிட்டு, "இது சாப்பாடா, ஜெயிலா?" என்றார். நான் அவரை அதட்டினேன்.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாயே, எனக்கு ராத்திரி அடுப்பு அணைக்கும்போதெல்லாம் அவள் ஞாபகம்தான். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே, நீ எழுதவில்லை.

அக்கா, நீ படித்தவள். எனக்கு ஒன்று விளங்கவில்லை. நம் பூட்டியை அடிமைச் சந்தையில் விற்றபோது, வாங்கியவன் அவள் கையையும் தொடையையும் கிள்ளிப் பார்த்துவிட்டு, சதைப்பிடிப்பு இருக்கிறது என்று கூடக் காசு கொடுத்தானாம். அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? அன்றைக்கு அவர்கள் வயலில் வேலை செய்ய நம் சதை வேண்டியிருந்தது. இன்றைக்கு மாவு விற்க வேண்டியிருக்கிறது. வேண்டாதபோது அதே சதை அசிங்கம். தராசு எப்போதும் அவர்கள் கையிலேயே இருந்தால் நான் எத்தனை முட்டை வேகவைத்துத் தின்று என்ன?

ஆனாலும் உனக்காக முயற்சி செய்கிறேன். பிஸ்கட்டை விட்டுவிட்டேன். கறிக்குழம்பைக் கண்ணால் மட்டும் பார்க்கிறேன். கொஞ்ச நாளாக அடிவயிறு கனமாக இருக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குறைத்துச் சாப்பிட்டால் அதுவும் சரியாகும் என்று நினைக்கிறேன்.

கட்டில் குறுகல் என்றால் நான் தரையில் படுத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
லுவீனியா


வாஷிங்டன்
28 ஏப்ரல் 1926

அன்புள்ள லுவீ,

சுகம்தானே? இங்கே தேர்வு நேரம், மூச்சுவிட நேரமில்லை. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

உங்கள் பிரதர் ஹோசியா ஏற்பாடுகளுக்காக இங்கு வந்திருந்தார். எல்லாப் பாடற்குழுக்களின் படங்களையும் வைத்துக்கொண்டு வரவேற்புக் குழு ஆலோசித்தது. மேடையில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதால், இளம் பெண்களை முன்வரிசையில் நிறுத்துவது என்று முடிவாகியிருக்கிறது. தனிப்பாட்டும் முன்வரிசையில் நிற்பவருக்கே போகும். உங்கள் குழுவின் எர்னஸ்டீன் என்ற பெண் பாடலாம் என்று பேச்சு. மற்றவர்கள் பின்னால் நின்று பாடுவார்கள்; குரலுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இது குழுவின் முடிவு. நீ மனதில் எதுவும் வைத்துக்கொள்ளமாட்டாய் என்று நம்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிஸ்கட்டை விட்டது நல்லது.

அன்புடன்,
ஆர்டீலியா


மேக்கன்
16 மே 1926

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன்.

பிரதர் ஹோசியா திரும்பி வந்ததும் கேட்டேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"யார் பிரதர் சொன்னது?"

"செயலாளரம்மாதான் எழுந்து பேசினாங்க. 'நடுவுல நிக்கிற அந்தம்மாவை முன்னால நிறுத்தினா, வெள்ளைக்காரப் பத்திரிகைக்கு நாமளே கேலிச் சித்திரம் வரைஞ்சு கொடுத்த மாதிரி'ன்னாங்க. படிச்ச பேச்சு, லுவீனியா. யாராலயும் எதிர்த்துப் பேச முடியல. நானும் பேசல. என்னை மன்னிச்சிரு."

அவருக்கு நீ என் அக்கா என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

பின்வரிசையில் நிற்க நான் வரவில்லை. விடுதியில் ஆள் குறைவு என்று சொல்லிவிட்டேன். எர்னஸ்டீனுக்கு இப்போது தினமும் சாயங்காலம் மேல்ஸ்தாயி சொல்லிக்கொடுக்கிறேன். பாவம், சின்னப் பெண், பயப்படுகிறது.

உனக்குப் பதவி கிடைக்கட்டும்.

லுவீனியா


மேக்கன்
19 செப்டம்பர் 1926

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. மே மாதத்துக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. மாநாட்டு வேலை, பிறகு புதுப் பதவி, நேரமிருந்திருக்காது. துணைத் தலைமையாசிரியை ஆனதை எர்னஸ்டீன் வந்து சொன்னாள். நீ நீலப் பட்டு உடுத்தி மேடையில் வரவேற்புரை சொன்னாயாம். "எவ்வளவு ஒல்லி, எவ்வளவு அழகு, ஒரு பென்சில் மாதிரி நின்னாங்க" என்றாள். நன்றாகப் பாடினாயா என்று அவளைக் கேட்டேன். மேல்ஸ்தாயியில் கொஞ்சம் நடுங்கிவிட்டதாம். யாருக்கும் தெரிந்திருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

நீ சந்தோஷப்படுகிற சேதி என்னிடமும் உண்டு. நான் மெலிந்துவிட்டேன். பழைய உடுப்பெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. கையும் கழுத்தும் போன வேகம் எனக்கே ஆச்சரியம். வயிறு மட்டும் போகமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது.

வலி இருந்ததால் அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். காலையிலிருந்து நம்மவர் பெஞ்சில் உட்கார்ந்து, சாயங்காலம்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"என்ன ஆயா?"

"வயித்துல வலிங்க ஐயா. பாறாங்கல்லு மாதிரி இருக்கு."

"இருக்காதா பின்னே? பன்னிக் கொழுப்பைத் தின்னா கல்லா வராம பூவா வரும்? உங்க ஆளுங்களுக்கு வாயைக் கட்டவே தெரியாது. போ, போய் தின்றதைக் குறை."

எனக்கு முப்பத்தொரு வயது, அக்கா. அவருக்கு அறுபது இருக்கும். நான் அவருக்கு ஆயா.

நீயும் அதையேதான் சொன்னாய் என்பதால் இன்னும் குறைத்துக்கொண்டேன். சபை ஆண்டுவிழாவில் எடுத்த படம் ஒன்று அனுப்புகிறேன். மார்புவரைதான் தெரியும்.

உன் தங்கை,
லுவீனியா


வாஷிங்டன்
3 அக்டோபர் 1926

என் செல்லத் தங்கைக்கு,

உன் படத்தைப் பார்த்ததும் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. லுவீ, இது நீதானா! கன்ன எலும்பு எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! கழுத்தெலும்பு தெரிகிறது! நம் அம்மாவின் முகம் இத்தனை வருடமும் உன் கன்னங்களுக்குள் ஒளிந்திருந்திருக்கிறது.

படத்தை மிசஸ் குவார்ல்ஸிடம் காட்டினேன். "யாரு இது? உன் தங்கச்சியா? இவ்வளவு லட்சணமா ஒரு தங்கச்சி இருக்கறதை ஏன் எங்ககிட்ட சொல்லவே இல்லை?" என்றார்கள். பெண்கள் சங்கத்தில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன், என் தங்கை, மன உறுதி உள்ளவள் என்று.

கிறிஸ்துமஸுக்கு நீ இங்கே வரவேண்டும். சங்கத்தின் விழாவில் நீ தனியாகப் பாடுகிறாய், பேசி முடித்துவிட்டேன். என் அறையிலேயே தங்கலாம், கட்டிலில் இருவருக்கும் இடம் போதும். ரயில் கட்டணத்தை நான் அனுப்புகிறேன். ஒரு நல்ல உடுப்பும் தைக்கக் கொடுக்கிறேன், உன் இடுப்பளவை எழுதி அனுப்பு.

வயிறு பற்றிக் கவலைப்படாதே. எல்லோருக்கும் அது கடைசியாகத்தான் இறங்கும்.

பெருமையோடு,
உன் அக்கா ஆர்டீலியா


அட்லாண்டா
21 நவம்பர் 1926

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

ஆம்ப்ரோஸ் எழுதுவது. எனக்கு எழுத்து சரியாக வராது, மன்னிக்கவும். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

லுவீனியா விடுதியில் அடுப்படியிலேயே விழுந்துவிட்டாள். பிரதர் ஹோசியாவும் நானுமாக அட்லாண்டாவில் நம்மவர் நடத்தும் சின்ன மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். இங்கே டாக்டர் லட்டிமோர் அவளைப் படுக்கவைத்து வயிற்றில் கையை வைத்தார். வைத்த உடனே முகம் மாறிவிட்டது. "எத்தனை நாளா இருக்கு இது? எந்த டாக்டரும் தொட்டுப் பார்க்கலையா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவர் போய்க் கை கழுவினார்.

கர்ப்பப்பைப் பக்கத்தில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். தர்ப்பூசணி அளவு இருந்தது, நான் பார்த்தேன். அவள் மெலிந்தது அதனால்தானாம், தின்கிற கொஞ்சத்தையும் கட்டியே எடுத்துக்கொண்டதாம். பட்டினி கிடந்ததால் ரத்தமும் இல்லை. இனி எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பிழைப்பாள் என்று இந்த வாரம்தான் உறுதி சொன்னார்கள்.

உங்கள் அக்டோபர் கடிதம் வந்தபோது அவள் நடமாடிக்கொண்டுதான் இருந்தாள். எனக்குப் படித்துக் காட்டினாள். கழுத்தெலும்பு என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். பிறகு மடித்து வைத்துவிட்டு, ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இடுப்பளவு கேட்டிருந்தீர்கள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று மயக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான் நான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஆம்ப்ரோஸ்


வாஷிங்டன்
12 டிசம்பர் 1926

லுவீ,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. ஆம்ப்ரோஸின் கடிதம் கிடைத்தது. இதை நான் தொடங்குவது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை.

பணம் அனுப்பியிருக்கிறேன். சூப், முட்டை, பால், எது கேட்டாலும் கொடுக்கச் சொல். டாக்டர் லட்டிமோருக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

அந்த அக்டோபர் கடிதத்தை எரித்துவிடு. தயவுசெய்து எரித்துவிடு. நான் உடனே புறப்பட்டு வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

ஆர்டீலியா


மேக்கன்
23 ஜனவரி 1927

அன்புள்ள அக்காவுக்கு,

பிழைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்து எழுதமுடிகிறது. உன் சுகத்தைக் கேட்கிறேன்.

கடிதத்தை எரிக்கவில்லை. எரித்தால் நீ அதை எழுதவில்லை என்று ஆகிவிடுமா?

படுத்துக்கிடந்தபோது யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அந்த வெள்ளைக்கார டாக்டர் மேல் எனக்கு வருத்தம்கூட இல்லை. அவர் என் நிறத்தைப் பார்த்தார், சதையைப் பார்த்தார், இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அத்தோடு அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்துபோயிற்று, தொடவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நீ? அது பொய் என்று புத்தகம் புத்தகமாகப் படித்தவள் நீ. படித்துவிட்டு, அவர்கள் கண்ணையே வாங்கி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாய். பாறாங்கல் என்று எழுதினேன். கடைசியாக இறங்கும் என்று பதில் எழுதினாய்.

பணத்துக்கு நன்றி. இப்போது வரவேண்டாம். நீ எனக்காக ஒன்று செய்யவேண்டும். சாகக் கிடந்தவள் முகத்தை உன் சங்கத்துப் பெண்களிடம் காட்டிப் பெருமைப்பட்டாய். அதே பெண்களிடம் எழுந்து நின்று சொல், அது என்ன முகம் என்று. மாநாட்டுக் குழுவில் எழுந்து பேசினாயே, அந்தக் குரலில் சொல். நடுவில் நின்றவள் யார் என்பதையும் சொல். சொல்லிவிட்டு எழுது.

லுவீனியா


வாஷிங்டன்
20 மார்ச் 1927

அன்புள்ள லுவீ,

நீயும் ஆம்ப்ரோஸும் நலமாக இருக்க வேண்டுகிறேன். பதில் தாமதமானதற்குக் காரணம், இரண்டு கூட்டங்களுக்குப் போயும் என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை எழுந்தேன். கூட்டம் மிசஸ் குவார்ல்ஸ் வீட்டுக் கூடத்தில். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கைமாற்றிப் பார்த்த படத்தில் இருந்தது நோய் தின்ற முகம் என்று சொன்னேன். போன வருடம் பின்வரிசைக்குப் போகச் சொன்ன அந்தப் பெண் என் கூடப்பிறந்தவள், அவள் உடம்பைக் கண்டு வெட்கப்பட்டு நான்தான் அப்படிப் பேசினேன் என்றும் சொன்னேன். யாரும் தேநீர்க் கோப்பையைத் தொடவில்லை. ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு மிசஸ் குவார்ல்ஸ் என் கையைப் பிடித்து, மிகவும் பரிவாகக் கேட்டார்கள்: "அய்யோ பாவம். இப்ப தேவலாமா? உடம்பு மறுபடியும் போட்டுடாம பாத்துக்கறாளா?"

கூடத்தில் இருந்த எல்லோரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இங்கே செர்ரி மரங்கள் மொட்டு விட்டிருக்கின்றன. பள்ளியில் வேலை அதிகம். ஈஸ்டர் விடுமுறையில் வர அனுமதி கொடுப்பாயா? தரையில் படுத்துக்கொள்கிறேன்.

உன் அக்கா,
ஆர்டீலியா


மேக்கன்
27 மார்ச் 1927

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை ஆம்ப்ரோஸுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து நின்று சொன்னாயே, அது உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் லட்டிமோர் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். சாப்பிடுகிறேன். சதை திரும்பி வந்துகொண்டிருக்கிறது. நீ வந்தால் உனக்குத் தெரிந்த லுவீனியாவைத்தான் பார்ப்பாய். ஈஸ்டர் அன்று எங்கள் சபையில் தனிப்பாட்டு எனக்கு. பிரதர் ஹோசியா யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டார்.

அக்கா, மிசஸ் குவார்ல்ஸ் கேட்டதை எழுதியிருக்கிறாய். நீ அவருக்கு என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன். அங்கே செர்ரி மரம்தான் இருந்தது.

பதில் சொல்லியிருந்தால், ஈஸ்டருக்கு முந்தின நாள் ரயிலில் ஏறு. ஆம்ப்ரோஸ் ஸ்டேஷனுக்கு வருவார்.

சொல்லவில்லை என்றால், அவர் வீட்டு மாடியில்தானே இருக்கிறாய், படி இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு ரயிலில் ஏறு.

உன் தங்கை,
லுவீனியா